வேறு கம்பெனிக் கட்டில்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: கொள்முதல் அதிகாரி. அவர் பக்கத்தில் கணக்குப் பிரிவைச் சேர்ந்த அம்மா ஒருவர். கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிகளின் சார்பில் ஒரு டாக்டர். பெரும்பாலும் போனிலிருந்து தலை நிமிரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட். ஆள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட். எங்கள் பக்கம் அத்தான், நான், வெல்டர். வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போடு என்று எத்தனை தடவை சொன்னாலும் போடமாட்டான், அதனால் அவன் பெயரே கண்ணாடி ஆகிவிட்டது. அப்புறம் இரண்டு கட்டில்கள். ஒன்று அவர்களுடையது, ஒன்று எங்களுடையது.

கட்டில்களைப் பார்க்கத்தான் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டையும் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் பட்டறை அவருடையது. நான் அங்கே பெயின்ட் அடிப்பேன், வேன் ஓட்டுவேன், டெண்டர் பேப்பர் நிரப்புவேன். அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் வாங்கும் டெண்டர் சில வருஷங்களுக்கு ஒரு தடவை வரும். இதுவரை உள்ளூர் ஆட்கள் மட்டும்தான் போட்டியிட முடியும். இந்தத் தடவை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷமே எங்களைக் கூப்பிட்டு, தரத்தை உயர்த்துங்கள், பழைய மாதிரி வளைத்துப் பற்றவைத்த பைப்பெல்லாம் இனி எடுபடாது என்று சொல்லியிருந்தார்கள். அத்தான் அதை நம்பினார். ஷெட்டை வங்கியில் அடமானம் வைத்துப் புது பைப் வளைக்கும் மெஷின் வாங்கினார். இந்த ஆர்டர் வந்தால் கடன் அடையும். வராவிட்டால் ஷெட் போய்விடும். அறைக்குள் நுழையும்போது அத்தான் தலையில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

விலையில் நாங்கள்தான் குறைவு. ஆனால் விலைக்கு மட்டும் மார்க் இல்லை. அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"விற்பனைக்குப் பின் சேவை. இதுல உங்களுக்கு முட்டை."

"என்ன சார் சொல்றீங்க?"

"ஆதாரம் எதுவும் வைக்கலையே."

அத்தான் சிரித்தார். அதிகாரி விளையாடுகிறார் என்றே நினைத்தார். "சார், உங்க பெரிய ஆஸ்பத்திரியில இருக்கறது பூரா நம்ம கட்டில். எங்கயாவது கைப்பிடி சுத்தலைன்னா எனக்குத்தான் போன் வரும். வாரண்டி முடிஞ்சு எந்தக் காலம்? இன்னைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"பில் இருக்கா?"

"காசே வாங்கலை. எதுக்கு சார் பில்?"

"வேலை செஞ்சதுக்கு ஸ்டோர்ல கையெழுத்து வாங்கியிருப்பீங்கல்ல?"

"சிஸ்டர் போன் பண்ணுவாங்க. போவோம். சரி பண்ணுவோம். வந்துடுவோம்."

"அப்படின்னா நீங்க எதுவும் செய்யலை." அவர் குரலில் கோபம் இல்லை. மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி சொன்னார். "நீங்க வர்றதை நானே பாத்திருக்கேன். ஆனா நான் பாத்ததுக்கு இங்க மார்க் போட இடம் இல்லை."

அடுத்து சென்ட் தன் பைலைத் திறந்தார். வழவழப்பான தாளில் கலர்ப் படங்கள். நீலச் சட்டை போட்ட ஆட்கள் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு சிரித்தார்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் சேவை, பயிற்சி பெற்ற பொறியாளர்கள், உதிரிபாகக் கிடங்கு என்று வரிசையாகப் போட்டிருந்தது.

நான் கேட்டேன். "இங்க உங்க ஆபீஸ் எங்க சார் இருக்கு?"

"ஆர்டர் கிடைச்சதும் ஓபன் பண்ணுவோம்."

"கிடங்கு?"

"அதுவும் அப்புறம்தான்."

அவர்களுக்கு முழு மார்க்.

பின்னால் நின்ற கண்ணாடி மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னான். "செஞ்சவனுக்கு முட்டை. செய்யப்போறேன்னு சொன்னவனுக்குக் கோழி."

கணக்குப் பிரிவு அம்மா குனிந்து சிரிப்பை அடக்கினார். டாக்டர் எழுந்துபோய் அவர்களுடைய கட்டிலின் ரிமோட்டை அழுத்தினார். தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது. மறுபடியும் அழுத்தினார், இறங்கியது. இன்னும் ஒரு தடவை. ராட்டினம் கண்ட குழந்தை மாதிரி நின்றார். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அத்தான் என் தொடையில் கை வைத்து அழுத்தினார். எங்கள் கட்டிலின் கைப்பிடியை யாரும் சுற்றிப் பார்க்கவில்லை. கொண்டுவந்த மாதிரியே திருப்பிக் கொண்டுபோனோம்.

இந்தப் பில் விஷயத்துக்காக வீட்டில் எத்தனையோ தடவை சண்டை நடந்திருக்கிறது. பட்டறைக் கணக்கு அக்காவிடம்தான். "காசு வேணாம், விடுங்க. வந்தாங்க, பாத்தாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதியாவது வாங்குங்களேன்," என்பாள்.

அத்தான் பதில் எப்போதும் ஒன்றுதான். "என் கட்டில் கெட்டுப்போச்சுன்னு நானே எழுதி வாங்கி ஃபைல்ல வைக்கணுமா? நாளைக்கு எவனாவது அதையே தூக்கிக் காட்டுவான். பாருங்க, இவன் கட்டில் எத்தனை தடவை மக்கர் பண்ணியிருக்குன்னு."

அந்தப் பயம் ஒன்றும் தப்பில்லை. அவருக்கு முன்னால் இரண்டு பட்டறைகள் அப்படித்தான் போயின. ஆஸ்பத்திரியில் புகார்த் தாள் சேர்ந்த ஆளைக் கழற்றிவிட்டார்கள். அதனால் அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். போன் வந்தால் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஸ்டோருக்குத் தெரியாமல், வார்டுக்கு நேராகப் போய், நர்ஸ் டீ குடித்து முடிப்பதற்குள் கியரை மாற்றிவிட்டு வந்துவிடுவார். எங்கள் கட்டிலைப் பற்றி எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு புகார் கிடையாது. ஒரு தாள் கிடையாது. அதைத்தான் அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்டர் அவர்களுக்கே போனது. முடிவை எதிர்த்து மனுப் போட அவகாசம் கொடுத்திருந்தார்கள். அத்தானும் நானும் கண்ணாடியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்டோர் கீப்பர் அறையில் உடைந்த சலைன் ஸ்டாண்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம். அதில் அவர்.

"ஒரு லெட்டர் மட்டும் குடுங்கண்ணே," என்றார் அத்தான். "இத்தனை வருஷமா நான் வந்து ரிப்பேர் பாத்தேன்னு."

"எந்த ஆர்டர் பேர்ல பாத்தீங்க?"

"ஆர்டர்லாம் எங்க?"

"அப்ப ஆர்டர் இல்லாம வெளியாள் உள்ள வந்து அரசாங்கப் பொருளைக் கழட்டியிருக்கான்னு நான் எழுதணும். எழுதினா, இவ்வளவு நாள் நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வருது தம்பி. என்னை விட்டுடுங்க."

"வெளியாளா? நானா?"

"பேப்பர்ல."

வார்டுக்குப் போனோம். பெரிய சிஸ்டர் வராந்தாவுக்கே வந்து அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதித் தரேன், ஏன் தரமாட்டேன்? உங்களை மாதிரி ஆளு உண்டா?" என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பிறகு, "என் பேரைப் போடாம எழுதலாம்ல?" என்று கேட்டார்.

திரும்பும்போது வேனில் கண்ணாடி பின்னால் சாம்பிள் கட்டில் மேலேயே படுத்திருந்தான். ஸ்டோரில் காட்டலாம் என்று அதையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம்.

"ஏண்ணே, இவ்வளவு நாளா நாம திருட்டு வேலை பாத்த மாதிரில்ல இருக்கு," என்றான்.

 மனுப் போட்டோம். ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள்.

வெளிநாட்டுக் கட்டில்கள் வந்து இறங்கத் தொடங்கியபோது வங்கியிலிருந்தும் ஆள் வரத் தொடங்கினார். கையில் டேப் வைத்து ஷெட்டை அளந்தார். ஜன்னல் எத்தனை என்று எண்ணினார். அத்தான் அவர் பின்னாலேயே நடந்தார். அந்த ஷெட்டின் ஒவ்வொரு தூணையும் நின்று பற்றவைத்தவர் அவர். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் கூரைத் தகடு ஏற்றும்போது கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டவர். வீடு போனாலும் பரவாயில்லை, ஷெட் போகக்கூடாது என்று அக்காவிடம் ஒரு தடவை சொன்னார். அக்கா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்ட் பட்டறைக்கு வந்தார். இரும்புத் தூள் படாமல் இருக்க பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"உட்காருங்க சார்," என்று அக்கா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"இல்லம்மா, நின்னுக்கறேன்." அத்தானைப் பார்த்தார். "ஓப்பனா பேசறேனே. சர்வீஸ் குடுக்கறோம்னு எழுதிக் குடுத்திருக்கோம். மோட்டார் இப்பவே மக்கர் பண்ணுது. இங்க வந்து நிக்க எங்ககிட்ட ஆள் இல்லை. யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் சொல்றாங்க."

"யார் சொன்னாங்க?"

"கொள்முதல் அதிகாரியே சொன்னார். ஸ்டோர்லயும் சொன்னாங்க."

கண்ணாடி வெல்டிங்கை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

சென்ட் சொன்ன ஏற்பாடு இதுதான். ஷெட்டைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். கட்டில்களும் உதிரிபாகங்களும் வைக்கும் கிடங்கு அதுதான். வங்கித் தவணையைக் கம்பெனி கட்டும். ஷெட் அத்தான் பேரிலேயே இருக்கும். அத்தானுக்கு மாதச் சம்பளம், நீலச் சட்டை, அடையாள அட்டை, சர்வீஸ் இன்ஜினியர் என்று பதவி. மெஷின்களை எடுத்துவிட வேண்டும், இடம் வேண்டும். ஆட்கள் தேவையில்லை.

"ஆட்கள்னா?" என்று கேட்டான் கண்ணாடி.

சென்ட் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போன பிறகு ஷெட்டுக்குள்ளேயே சண்டை வெடித்தது.

"அவன் மூஞ்சியில துப்பி அனுப்பாம ஸ்டூல் துடைச்சுப் போடறியே," என்றேன் அக்காவிடம்.

"துப்பினா வங்கிக்காரன் போயிடுவானாடா? நீ துப்பு. அப்புறம் தவணையையும் நீயே கட்டு."

"நம்ம செஞ்ச வேலைக்கு முட்டை போட்டுட்டு, அதே வேலையை அவனுங்க பேர்ல செய்யச் சொல்றானுங்க. இது உனக்குக் கேவலமாத் தெரியலையா?"

"தெரியுது. கேவலப்பட்டுக்கிட்டே சாப்பிடலாம். நடுத்தெருவுல நின்னுக்கிட்டு என்னத்தைச் சாப்பிடறது?" அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க சொல்லுங்க. இவன் பேச்சைக் கேக்காதீங்க. இவனுக்கென்ன, தனிக்கட்டை."

அத்தான் தூணில் சாய்ந்து நின்றார். "ஷெட்டு என் பேர்லயேதான் இருக்கும்னு சொன்னாருல்ல?"

"சொன்னாரு."

"எழுத்துல குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. அவங்க எல்லாத்தையும் எழுத்துலதான் குடுப்பாங்க," என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே," என்றான். "நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு உங்க மூஞ்சியே சொல்லுது. எனக்கு எங்கயாவது ஜன்னல் கம்பி, கேட்னு வேலை கிடைக்கும். பத்தவெச்சுப் பொழச்சுக்குவேன்."

"அவங்ககிட்ட உனக்கும் ஒரு வேலை கேக்கறேன்டா."

"வேணாம்ணே. அவங்க கண்ணாடி போடச் சொல்லுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினாறு வயசில் அத்தானிடம் வந்தவன். வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

மெஷின்களைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரன் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டு போனான். கடன் வாங்கி வாங்கிய பைப் வளைக்கும் மெஷின் லாரியில் ஏறவில்லை என்று அறுத்து ஏற்றினார்கள். எங்கள் கட்டிலுக்கான கியர், கைப்பிடி, சக்கரம் எல்லாம் சாக்குச் சாக்காகப் போயின. அத்தான் அந்த நாள் முழுவதும் வீட்டில் தூங்கினார். தூங்கினாரா படுத்திருந்தாரா என்று தெரியாது.

நீலச் சட்டை வந்தது. கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை. போட்டோவில் அத்தான் போலீஸ் பிடித்துவைத்த ஆள் மாதிரி இருந்தார். வேலை என்னவோ பழைய வேலைதான், வார்டுக்குப் போய்க் கட்டிலைச் சரி பார்ப்பது. ஆனால் இப்போது ஸ்டோர் கீப்பர் வாசல்வரை வந்து கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்ததும் மூன்று தாளில் கையெழுத்துப் போட்டார். வெளியாள் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே போகும்போது வாட்ச்மேன்கூட எழுந்து நின்றான். ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பில் போனது. அந்தத் தொகையில் எங்கள் பழைய கட்டில் ஒன்று வாங்கலாம். அக்காதான் அதைச் சொன்னாள், கணக்குப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு காலையில் அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பெரிய சிஸ்டர்.

"தம்பி, நம்ம பழைய கட்டிலு ஒண்ணு. தலைப்பக்கம் ஏறமாட்டேங்குது. கைப்பிடி சும்மா சுத்துது. ஒரு அம்மா, மூச்சு வாங்குது அவங்களுக்கு, நிமித்தி உக்கார வைக்கணும். வேற கட்டில் காலி இல்லை. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

அத்தான் கை பொத்தானிலேயே நின்றது. எங்களுக்கெல்லாம் தெரியும், அது கியர் பல் தேய்ந்த கேஸ். பழைய அத்தானாக இருந்தால் சட்டை மாட்டாமலே கிளம்பியிருப்பார். ஆனால் கம்பெனி முதல் நாளே சொல்லியிருந்தது: மற்ற தயாரிப்புகளைத் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் வேலையும் போகும், குத்தகையும் போகும். குத்தகை போனால் ஷெட் போகும்.

"அது வேற கம்பெனிக் கட்டில் சிஸ்டர்," என்றார்.

 வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"உங்க கட்டில்தானே தம்பி?"

"அந்தக் கம்பெனி இப்ப இல்லைங்க."

"ஓ." பிறகு சிஸ்டர் சொன்னார், "சரி. தலகாணிய அடுக்கி வெச்சு சமாளிச்சுக்கறோம்." போனை வைத்துவிட்டார்.

அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். நான் வேன் சாவியை எடுத்தேன். "நான் போய்ப் பாக்கறேன் அத்தான். நான் எந்தக் கம்பெனியும் இல்லையே."

"எதை வெச்சுப் பாப்ப?" என்றார். "கியர் ஒண்ணாவது மிச்சம் இருக்கா? கண்ணாடி இருந்தாலாவது பல்லைப் பத்தவெச்சுத் தேய்ச்சுக் குடுப்பான்."

கண்ணாடியின் நம்பரை அடித்துப் பார்த்தேன். மாறிப்போயிருந்தது.

"விடு," என்றார். "என்னைக் கொண்டுபோய் ஷெட்டுல இறக்கி விடு. இன்னைக்குப் புது லோடு செக் பண்ணணும்."

போகும் வழியில் ஆஸ்பத்திரிச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போகச் சொன்னார்.

ஷெட்டுக்கு முன்னால் எங்கள் பலகை இருந்த இடத்தில் கம்பெனியின் பலகை. பெரிய கதவை நிரந்தரமாக அடைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு வைத்திருந்தார்கள். புதிய செக்யூரிட்டி, சின்ன வயசு, மரியாதையான பையன். ஏஜென்சி அன்றுதான் அனுப்பியிருந்தது. அத்தானின் அட்டையை வாங்கி, முகத்தையும் போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"லோடு செக் பண்ணப் போறீங்களா சார்? உள்ள ஆள் இருக்கறப்ப வெளிய பூட்டி வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. சாமான் எதுவும் வெளிய போகக்கூடாதாம். முடிச்சுட்டு போன் பண்ணுங்க, திறந்து விடறேன்."

"என்னையா பூட்டி வைப்ப?" என்றார் அத்தான்.

"யாரா இருந்தாலும் சார். ரூல்."

நான் வேனிலிருந்து இறங்கினேன். "தம்பி, அவர் யாருன்னு தெரியுமா? இந்த ஷெட்டே அவருது."

பையன் குழம்பிப்போய் அத்தானைப் பார்த்தான். அவர் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற பார்வை. ஆமாம் என்றால் அவன் யாருக்காவது போன் பண்ணிக் கேட்க வேண்டியிருக்கும்.

"விடு மச்சான்," என்றார் அத்தான். "பேர்லதான் இருக்குல்ல. அது போதும்." பையனிடம், "நீ பூட்டிக்கோப்பா," என்றார்.

குனிந்து அந்தச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனார். உள்ளே கூரைவரை அட்டைப் பெட்டிகள். தூண்கள் எதுவும் தெரியவில்லை. பையன் பின்னாலிருந்து உதவியாகக் குரல் கொடுத்தான்.

"பாத்ரூம் கடைசியில இடது பக்கம் இருக்கு சார். லைட் சுவிட்ச் வெளிய இருக்கும், உள்ள தேடாதீங்க."

"சரிப்பா," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

பையன் கதவை இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினான். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.